படுகாயமும் நோய் எதிர்ப்பாற்றலும்

படுகாயத்தின்போது அழுத்த இயக்குநீர்கள் பெருகி வெள்ளணுக்களின் செயல்பாட்டை மாற்றும் நிலை. சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கின்றன.

விளைவுகள்: அட்ரினலின் சுரந்த சில நிமிடங்களில், இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் கழன்று இரத்த ஓட்டத்தில் கலக்கும்; இரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை கூடித் தெரியும். கார்டிசாலால் லிம்ஃபோசைட்டுகள் எலும்பு மச்சைக்கு ஒதுங்கும், சில மடியும். மோனோசைட்டுகள் கிருமியை அடையாளம் காட்டும் திறன் குறையும். அழற்சி கட்டுமீறாமல் காக்கும் இந்த அடக்கம் நீடித்தால் நிமோனியா, செப்சிஸ் வரலாம்.

சிகிச்சை: இரத்தப்போக்கை விரைந்து நிறுத்துவதும் வலியைத் தணிப்பதும் முதன்மையானவை. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்குவோருக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவுகிறது.