கடைசி மணிக்குப் பிறகு: நம் பாடசாலையும் பிள்ளைகளின் இசையும்

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்களின் வரிசை, கட்டடங்கள் எழுந்த கதை, பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டுப் போட்டி வெற்றிகள் எல்லாம் அதில் இடம்பெறும். அவற்றில் அநேகமானவை காலை ஏழரைக்கும் பகல் ஒன்றரைக்கும் இடையில் நடந்தவை. ஒன்றரைக்குக் கடைசி மணி அடித்த பிறகு நடந்தவற்றை யாரும் பெரிதாக எழுதிவைக்கவில்லை. இசை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வளர்ந்தது. இவ்வாண்டு மேல்வகுப்புப் பிள்ளைகள் கிற்றார், கீபோர்ட், ட்றம்ஸ் கொண்ட றொக் வாத்தியக் குழு ஒன்றைப் பாடசாலை விட்ட பிறகு நடத்தித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். சங்கம் இதற்கு என்ன பதில் சொல்லப்போகிறது என்பதைப் பழைய மாணவிகள் எல்லோரும் யோசிக்க வேண்டும். அதற்கு உதவியாக, நம் ஊரிலும் வெளியிலும் பிள்ளைகளுக்கு இசை கிடைத்த விதத்தை இங்கே சுருக்கமாகத் தொகுத்திருக்கிறோம். ஒரு பெண்பிள்ளை வாத்தியம் பழக மூன்று பொருள்கள் தேவைப்பட்டன: ஓய்வான ஒரு மணித்தியாலம், தொட்டுப் பழக ஒரு வாத்தியம், பொழுது சாயுமுன் வீடு சேர ஒரு வழி. திறமை எல்லாக் காலத்திலும் இருந்தது. இந்த மூன்றும் எல்லோருக்கும் இருக்கவில்லை.

குண்டசாலைக்கும் இசைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் இங்கே மாளிகை அமைத்து வாழ்ந்ததால் 'குண்டசாலை அரசன்' என்றே அழைக்கப்பட்டான். மதுரையிலிருந்து அவனுக்கு மணப்பெண் வந்தாள். அவனுக்குப் பின் அவளுடைய சகோதரன் முடிசூட, நாயக்கர் ஆட்சி தொடங்கியது. தென்னிந்தியப் பாட்டும் தாளமும் கண்டி அரண்மனையில் செல்வாக்குப் பெற்ற காலம் அது. ஆனால் அரண்மனைப் பாட்டு அரண்மனைக்குள்ளேயே இருந்தது. பின்னர் தும்பறைப் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த நம் முன்னோர் தப்பையும் காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் தங்களோடு கொண்டுவந்தார்கள். லயத்து முற்றமே அவர்களுடைய இசைப் பள்ளி. தகப்பனிடமிருந்து மகன் தப்புப் பழகினான். கூத்தில் ரதி வேடத்தைக்கூட ஆண்தான் போட்டான். பெண்பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டு, அடுப்படியில் தகரத்தில் தட்டிப் பார்த்ததோடு சரி.

கண்டி நகரத்தில் மிசனரிமார் பெண்களுக்கென்று பாடசாலைகள் தொடங்கினார்கள். 1879இல் மகளிர் உயர்தரப் பாடசாலையும் 1890இல் ஹில்வூட் கல்லூரியும் தோன்றின. பியானோ அங்கே வந்தது. லண்டன் பரீட்சைச் சபைகளின் தராதரப் பரீட்சைகளும் வந்தன. பியானோ படிப்புப் பொதுவாகப் பாடசாலைக் கட்டணத்துக்கு வெளியே, தனிக் காசு கட்டிப் படிப்பது. நகரத்தில் வீடும், வீட்டில் ஒரு பியானோவும் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கே அது எட்டியது. கர்நாடக இசையில் 1931இல் தொடங்கப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்தி, இறுதியில் 'கலாவித்தகர்' பட்டம் வழங்கியது. மலையகப் பாடசாலைகளுக்குச் சங்கீதம் கற்பிக்க வந்த ஆசிரியைகளில் பலர் அந்தப் பரீட்சைகளில் தேறியவர்கள். நம்மவர்கள் நவராத்திரிக்குப் பாடிய பாட்டும், வாணி விழாவுக்கு ஒத்திகை பார்த்த மாலைப் பொழுதுகளும் அவர்களால் கிடைத்தவை. ஹார்மோனியத்தைத் தொடவே மூன்று வருடம் காத்திருந்ததாக நம் மூத்த சகோதரிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. வகுப்பறைக் கதவு ஏழைப் பிள்ளைக்கும் திறந்தது. வகுப்புக்கு வெளியே நடந்த இசைப் படிப்பு அதற்குள் அடங்கவில்லை. ஆனாலும் காதுக்குக் காசு தேவைப்படவில்லை. 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்தபோது படைவீரர்களின் நடன இசையும் கூடவே வந்தது. அந்தப் படைக்காக நிறுவப்பட்ட சக்திவாய்ந்த ஒலிபரப்புச் சாதனங்கள் போருக்குப் பின் இலங்கை வானொலிக்குக் கிடைத்தன. அதன்பின் ஒரு ரேடியோப் பெட்டி இருந்தால் ஒரு லயமே பாட்டுக் கேட்கலாம் என்றாயிற்று.

கிற்றார் நம்மவர்களின் ஆசையாகியது 1960களில். 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அனஸ்லி மாலேவனவும் தொடங்கிய 'மூன்ஸ்டோன்ஸ்' குழு, கிற்றாரோடு சிங்களத்தில் பாடி நாடெங்கும் பேர் எடுத்தது. தமிழில் பொப்பிசை பிறந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் கடல் கடந்தும் பாடப்பட்டன. பாடசாலைச் சுற்றுலா பஸ்ஸில் இவற்றைப் பாடாத தலைமுறை நம்மிடையே இல்லை. பெண்களும் மேடைக்கு வந்தார்கள். 'ஜெட்லைனர்ஸ்' குழுவின் முகமாக மிக்னோன் விளங்கினார். இந்திராணி பெரேரா 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவோடு பாடி, பின்பு தன் சகோதரிகளோடு 'த்ரீ சிஸ்டர்ஸ்' என்று தனிக்குழுவே அமைத்தார். இருந்தாலும் பெண் பாடுவாள், பின்னால் ஆண்கள் வாசிப்பார்கள் என்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. இத்தனைக்கும் றொக் இசைக்கு வழிகாட்டிய மின்கிற்றார் கலைஞர்களில் ஒருவர் ஒரு பெண். 1915இல் அமெரிக்காவில் பிறந்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப், தேவாலயத்தில் சிறுபிள்ளையாக வாசிக்கத் தொடங்கியவர். றொக் அன்ட் றோல் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்ந்ததோ 2018இல்தான்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. சீலைத் துணியே வரிசையில் நின்று வாங்கிய காலத்தில் கிற்றார்க் கம்பிக்கு எங்கே போவது? அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டு வாசித்த அண்ணன்மார் எல்லா ஊரிலும் இருந்தார்கள். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட, மின் கீபோர்ட்டும் கசெட் ரேப்பும் வந்தன. வாத்தியம் கடைக்கு வந்த காலத்தில் வழி கெட்டுப்போனது. 1983 ஜூலைக்குப் பின் தமிழ்ப் பிள்ளையை வெளியே விட்டுவிட்டு நிம்மதியாக இருந்த தாய் இல்லை. 1987க்கும் 1989க்கும் இடையில் பாடசாலைகளே அடிக்கடி மூடப்பட்டன. 2018 மார்ச்சில் திகணையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது நம் வீதியிலும் ஊரடங்கு. 2020இல் கொரோனா. 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்ஸும் இல்லை, பாடசாலையும் இல்லை. ஒவ்வொரு முறையும் முதலில் நின்றுபோனவை மாலை நேரத்து வேலைகள். கடைசியாகத் திரும்பி வந்தவையும் அவைதான். நடுவில் அந்த மணித்தியாலத்தை ரியூசன் வகுப்பு எடுத்துக்கொண்டது.

பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகளை ஒரு குழுவாகச் சேர்த்து றொக் வாசிக்கப் பழக்கும் முறைக்கு வெளியுலகில் சில முன்மாதிரிகள் உண்டு. 1998இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் போல் கிறீன் என்பவர் தொடங்கிய றொக் இசைப் பள்ளி, தனிப் பாடத்தையும் குழு ஒத்திகையையும் இணைத்தது. இன்று அது பல நாடுகளில் கிளைகள் உள்ள வியாபார நிறுவனம். கட்டணம் கட்டக்கூடியவர்களுக்கானது. 2001இல் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் சிறுமிகளுக்கென்றே ஒரு றொக் முகாம் தொடங்கப்பட்டது. திங்கட்கிழமை வாத்தியத்தைத் தொட்டே பார்க்காத சிறுமிகள் குழுவாகச் சேர்ந்து, தாங்களே ஒரு பாட்டு எழுதி, வார முடிவில் மேடையில் வாசிப்பார்கள். இந்த முகாம் முறை பிற்பாடு வேறு நாடுகளுக்கும் பரவியது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இந்தோனேசியாவில் இருக்கிறது. மேற்கு ஜாவாவின் கருட் மாவட்டத்தில், ஒரு கிராமத்து இஸ்லாமியப் பாடசாலையில் படித்த மூன்று மாணவிகளுக்கு அவர்களுடைய ஆசிரியர் ஒருவர் கனத்த றொக் இசையை அறிமுகப்படுத்தி வாத்தியம் பழக ஊக்கம் கொடுத்தார். 2014இல் 'வொய்ஸ் ஒஃப் பேஸ்புரொட்' என்ற குழு பிறந்தது. பேஸ்புரொட் என்றால் சுந்தா மொழியில் இரைச்சல். எதிர்ப்பும் மிரட்டலும் வந்தன. பர்தா அணிந்தபடியே அவர்கள் தொடர்ந்து வாசித்து, 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா மேடை ஏறினார்கள். இதே வயதுப் பிள்ளைகள் மூவர் காஷ்மீரின் ஸ்ரீநகரில் 'பிரகாஷ்' என்று ஒரு குழு அமைத்து 2012 டிசம்பரில் ஒரு போட்டி மேடையில் வாசித்தார்கள். இணையத்தில் வசை மழை பொழிந்தது. மதத் தலைவர் ஒருவர் தடை சொன்னார். 2013 பெப்ரவரியில் குழு கலைந்தது. இரு குழுவிலும் பிள்ளைகளுக்குத் துணிவு இருந்தது. சுற்றி நிற்க வேண்டிய பெரியவர்கள் எத்தனை பேர் நின்றார்கள் என்பதும் ஒரு குழுவின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று நாம் நினைக்கிறோம்.

கட்டணமில்லாமல் செய்ய முடியாது என்பாரும் உண்டு. 1975இல் வெனிசுவேலாவில் ஹோசே அன்டோனியோ அப்ரேயு தொடங்கிய 'எல் சிஸ்தேமா' முறையில் பாடசாலை விட்ட பிறகு ஏழைப் பிள்ளைகள் இலவசமாக வாத்தியம் பழகினார்கள். சென்னையில் ஏ.ஆர். ரகுமான் தொடங்கிய இசைப்பள்ளியோடு சேர்ந்த 'சன்ஷைன் ஓர்க்கெஸ்ட்ரா' வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வயலினும் செலோவும் கற்பித்தது. நம் நாட்டிலும் போர் முடிந்த பின், 'தி மியூசிக் புரொஜெக்ட்' என்ற முயற்சி குருநாகல் பகுதிச் சிங்களப் பிள்ளைகளையும் வடக்கின் தமிழ்ப் பிள்ளைகளையும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்க வைத்தது.

வாத்தியக் குழு எதற்கு, சங்கீத பாடம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. க.பொ.த. சாதாரண தரத்தில் கர்நாடக சங்கீதமும் மேலைத்தேய சங்கீதமும் பாடங்களாக இருக்கின்றன. பரீட்சைக்கு ஒரு பிள்ளை தனியாகப் படித்துத் தனியாகவே தேறுகிறாள். குழுவில் அப்படி முடியாது. ட்றம்ஸின் கால் முரசு விழும் இடத்தில்தான் பேஸ் கிற்றாரின் சுரமும் விழ வேண்டும். பாடுகிறவள் மூச்சு எடுக்கும்போது மற்றவர்கள் இடம் விட வேண்டும். ஒருத்தி தடுமாறினால் மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். மூன்று நான்கு கோட்டுகள் பழகினாலே எத்தனையோ பாட்டுகளை வாசிக்கலாம் என்பதால், புதிதாக வருகிறவளுக்கும் முதல் தவணையிலேயே இடம் உண்டு. ட்றம்ஸ் ஒரு செட் போதும். பத்துப் பேர் மேசையில் தட்டிக் கைகால் பழகி, முறை வைத்து உட்காரலாம். தப்பின் அடி தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த இருக்கையில் ஒரு சலுகையே கிடைக்கும். தன் பாட்டனின் தாளத்தை அவள் அங்கே மேடை ஏற்றலாம்.

ஆகவே சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள்கள் இவை. கட்டணம் கூடாது. கட்டணம் வைத்தால் நகரத்துப் பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் மட்டும் வருவார்கள். தோட்டத்திலிருந்து வருகிறவள் ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். அவளுடைய பாட்டியும் அப்படித்தான் நின்றாள். வாத்தியங்கள் பாடசாலைச் சொத்தாக, பொருட்பதிவேட்டில் ஏறியவையாக இருக்க வேண்டும். ஒத்திகை முடியும் நேரத்தை ஆசிரியரின் வசதியை வைத்துத் தீர்மானிக்காமல் தெல்தெனியாப் பக்கம் போகும் பஸ்ஸை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். பஸ் தவறினால் பிள்ளையை வீடு சேர்க்கும் பொறுப்பைப் பெயர் குறித்து ஒருவர் ஏற்க வேண்டும். க.பொ.த. பரீட்சைத் தவணையில் நேரத்தைக் குறைக்கலாம். நிறுத்தக் கூடாது. நிறுத்தியவை திரும்பி வர எவ்வளவு காலம் எடுத்தன என்பதைப் பார்த்துவிட்டோம்.

லண்டனிலும் ரொறொன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்ட கிற்றார் ஒன்று வீட்டு மூலையில் இருக்கக்கூடும். அதை அனுப்புங்கள், வரவேற்கிறோம். ஆனால் புகைப்படம் எடுத்து மாலை போட்டு வாங்கிய வாத்தியம் இரண்டாம் வருடம் கம்பியில்லாமல் களஞ்சிய அறையில் கிடப்பதை எல்லாப் பாடசாலைகளும் கண்டிருக்கின்றன. கம்பிக்கும், திருத்த வேலைக்கும், பழக்க வரும் ஆசிரியையின் போக்குவரத்துக்கும் மாதாமாதம் ஒரு சிறு தொகை வந்துகொண்டிருந்தால் பத்து கிற்றார்களை விட அது பெரிய கொடை.

அடுத்த நூற்றாண்டின் மலரை எழுதப்போகிறவர்கள் இன்று ஆறாம் ஆண்டிலோ, இன்னும் பிறக்காமலோ இருக்கலாம். கடைசி மணிக்குப் பிறகு நடந்தவற்றுக்கும் அவர்கள் சில பக்கங்கள் ஒதுக்கட்டும். ஒத்திகைக்கு வந்த பிள்ளைகளின் பெயர்களை முதல் நாளிலிருந்தே பதிவேட்டில் எழுதிவைப்போம்.