நாகலாபுரத்துப் புலவரும் நூலகப் பட்டியலும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் வட்டத்துக் கரிசல் மண்ணில் அமைந்த ஊர் நாகலாபுரம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் பிறந்த ஊர் இதுவே என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. கீழக்கரையே அவர் ஊர் என்பாரும் உளர். எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்று, அவ்வூரிலேயே அவர் அடக்கமாகியுள்ளார். இஸ்லாமியத் தமிழ் என்றாலே கடற்கரைப் பட்டினங்களை மட்டும் நினைப்பது நம்மிடையே ஊறிவிட்ட பழக்கம். பருத்தி விளையும் இந்த மானாவாரி நிலத்திற்கும் அதில் பங்குண்டு.

விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் 5,027 பாடல்கள் கொண்ட அப்பெருங்காப்பியம், பாடப்பெற்ற பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஓலையிலேயே கிடந்தது. ஓலைச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் இல்லை. அரபியின் வேறுபட்ட இரு ககர ஒலிகளும் தமிழில் ஒரே 'க' ஆகிவிடும். அரபியறியாத ஏடெழுதுவோர் கையில் ஸஹாபாக்களின் திருப்பெயர்கள் என்ன பாடு பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் யாப்பும் அரபி மொழியும் ஒருங்கே கற்ற ஒருவரால்தான் அதனைச் செப்பம் செய்ய இயலும். அத்தகையவரே காயல்பட்டினத்துப் புலவர் நாயகம், செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒப்பிட்டு, 1842இல் அவர்கள் சீறாவை அச்சேற்றினார்கள்.

உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887இல். அதற்கு 45 ஆண்டுகள் முந்தியது இப்பணி. ஐயரின் ஏடுகளைக் காக்க, அவர் மறைந்த மறு ஆண்டே, 1943இல், சென்னையில் அவர் பெயரால் நூல்நிலையம் எழுந்தது. நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் திரட்டிய ஏடுகளுக்கு அப்படியோர் இல்லம் அமையவில்லை. குறையைப் பிறர்மேல் சுமத்துவதில் பயனில்லை. நம் செல்வர்கள் பள்ளிவாசல்களுக்கு வழங்கியதில் ஒரு பங்கேனும் ஏடுகளுக்கு வழங்கியிருக்கலாம்.

சீறாவாவது தமிழெழுத்தில் உள்ளது. அரபுத் தமிழ் நூல்களின் நிலை வேறு. அரபியில் இல்லாத ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின் மேலும் கீழும் குறியிட்டு அமைத்த எழுத்துமுறை அது. தமிழ் மட்டும் கற்ற நூலகர் அந்நூலைக் கண்டால் அரபி நூல் என்பார். தமிழறியாத அரபி அறிஞர் படிக்கத் தொடங்கினால் ஒலி வரும், பொருள் வராது. பட்டியலில் தவறான தலைப்பின்கீழ் ஏறிய நூல் பேழையில் பத்திரமாக இருந்தும் இல்லாததுதான். ஆய்வாளர் அதனைக் கேட்கமாட்டார். கேட்பாரற்ற நூலை அடுத்த தலைமுறை அகற்றிவிடும்.

இவ்வகையில் இலங்கைப் பாணந்துறையின் ம.மு. உவைஸ் அவர்களுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு குறித்த அவர்களது ஆய்வு நூல் 1953இல் வெளிவந்தது. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்து, பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்கள். இன்ன நூல் உண்டு என்று பெயரளவிலேனும் நாம் இன்று அறிவதற்கு அந்த உழைப்பே பெரும்பாலும் காரணம்.

ஆயினும் ஒரே இடத்தில் ஒரே படியாகக் காப்பது காப்பாகாது. 1981 ஜூன் முதல் நாள் இரவோடிரவாக யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. இலங்கைத் தமிழ் பேசுவோரின் நூல்களை மின்வடிவாக்கும் நூலகம் நிறுவனம் 2005இல் தோன்றி, முஸ்லிம்களின் ஆவணங்களையும் தனியே திரட்டி வருகிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களிலிருந்து 1994இல் உருவானதே.

நம் அரபுக் கல்லூரிகளுக்கு ரமளானை ஒட்டி நீண்ட விடுமுறை உண்டு. கரிசல் ஊர்களுக்குத் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பள்ளிவாசல் அலமாரியிலும் வீட்டுப் பரணிலும் உள்ள பழைய நூல்களைப் பட்டியலிடலாம். நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், ஹிஜ்ரி ஆண்டு, எந்த எழுத்து, எந்த மொழி என ஆறு விவரங்கள் போதும். கடைசி இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். நூலை எவரிடமிருந்தும் வாங்க வேண்டாம். உரியவர் இசைவுடன் முகப்புப் பக்கத்தைப் படமெடுத்தால் போதும். இரு எழுத்தும் அறிந்த இம்மாணவர்களை விடுத்து இப்பணிக்கு வேறு எவரைத் தேடுவது?