பந்தைச் சுமந்து ஓடுபவன்



கொழும்பிலிருந்து பதுளைக்குப் புகைவண்டியில் வருகின்றவர்கள், அப்புத்தளையைக் கடந்ததும் ஒரு மாற்றத்தைக் காண்பார்கள். அதுவரை தேயிலைச் செடிகள் போர்த்திய சரிவுகளாகவே தோன்றிய நிலம், தியத்தலாவையை நெருங்கும்போது புல்வெளிகளாக விரிகின்றது. மலைநாட்டிலே சமதரை அருமையான பொருள். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பழகிய கால்களுக்குத் தடையின்றி ஓட ஓர் இடம் கிடைப்பதே அரிது. ஆயினும், பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகின்ற ஓர் ஆட்டம் இந்த ஊவா மலைகளிலே வேரூன்றியிருந்தது. அந்த ஆட்டத்தின் ஓட்டக்காரனைப் பற்றியும், அவனுக்கு வழி திறந்துவிடுகின்றவர்களைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

1899ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர் மக்களுக்கும் போர் மூண்டது. சிறைப்பட்ட போயர்களை ஆங்கில அரசு கடல் கடந்த தீவுகளுக்கு அனுப்பிற்று. 1900ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதற் கூட்டத்தினர் இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். பண்டாரவளை வரை இருப்புப்பாதை 1894ஆம் ஆண்டிலேயே போடப்பட்டிருந்தது. ஆகவே, கைதிகளைத் தியத்தலாவைக்குக் கொண்டுவருவது எளிதாயிற்று. ஏறக்குறைய ஐயாயிரம் பேர் அங்கே முட்கம்பி வேலிக்குள் வாழ்ந்தனர். பொழுதைப் போக்க அவர்கள் விளையாட்டை நாடினர். 1901இல் அவர்களது கிரிக்கெட் குழு கொழும்புக்கே சென்று ஆடியது. ஆயினும் அவர்கள் நெஞ்சுக்கு நெருங்கிய ஆட்டம் றக்பி. இலங்கை, சென் ஹெலினா, பெர்மியூடா ஆகிய இடங்களின் கைதி முகாம்களிலே அந்த ஆட்டத்தைப் பழகியவர்கள் ஊர் திரும்பியபின் அதனைத் தம் மக்களிடையே பரப்பினர். 1906ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கக் குழு பிரித்தானியாவுக்குச் சென்றபோது, போரில் எதிரெதிராக நின்ற இரு இனத்தவரும் ஒரே சட்டையை அணிந்து ஒரே அணியாக ஆடினர்.

றக்பி ஆட்டத்தின் தன்மை யாது? அணிக்குப் பதினைந்து பேர். அவர்களுள் எண்மர் முன்வரிசையினர், எழுவர் பின்வரிசையினர். முன்வரிசையினர் எதிரணியின் எண்மரோடு தோளோடு தோள் பிணைத்து, தலை குனிந்து, மண்ணை உதைத்துத் தள்ளிப் பந்தை வென்றெடுக்கின்றனர். அது பின்வரிசைக்குச் செல்கின்றது. அங்கே விரைந்தோடும் ஒருவன் அதனைத் தழுவிக்கொண்டு பாய்கின்றான். பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் ஆகாது. பந்துக்கு முன்னே நின்று எதிரியை மறித்து, ஓடுபவனுக்கு வழிவிடுதலும் ஆகாது. எனவே இவ்வாட்டத்திலே தோழர்கள் செய்யக்கூடிய உதவி, பந்தை வென்று தருவதும், எதிரிகளைத் தம்பால் ஈர்த்து ஓரிடத்தை வெறுமையாக்குவதும், ஓடுபவன் பிடிபடும் கணத்தில் பந்தை வாங்கிக்கொள்ள அருகே பின்தொடர்வதுமேயாம்.

இதே ஆட்டம் அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது வேறு உருவம் கொண்டது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 1870களில் றக்பியைக் கற்றனர். யேல் கல்லூரியைச் சேர்ந்த வால்ட்டர் காம்ப் என்பவரின் முயற்சியால் 1880இல் அணிக்குப் பதினொருவர் என்ற விதி வந்தது. பந்துக்காக இரு அணியும் முட்டி மோதுவதற்குப் பதிலாக, ஓர் அணி பந்தை உரிமையோடு வைத்திருந்து ஆட்டத்தைத் தொடங்கும் முறையும் அவ்வாண்டிலேயே ஏற்பட்டது. 1882இல், மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கெஜ தூரமேனும் முன்னேறாவிடின் பந்தை இழக்க நேரும் என்ற விதி சேர்ந்தது. ஓடுபவனுக்கு முன்னே சென்று எதிரிகளை மறிப்பதும் அங்கே ஆட்டத்தின் அங்கமாயிற்று. மோதல் கொடுமையாகி இளைஞர் உயிரிழக்கவே, 1905இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. 1906இல் பந்தை முன்னோக்கி எறிவதற்கு அனுமதி கிடைத்தது.

பந்து காற்றிலே பறக்கத் தொடங்கியபின் ஓட்டக்காரனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை குறையவில்லை, பலவாகப் பெருகிற்று. சில கெஜமே தேவைப்படும்போது அவன் முன்வரிசையின் நடுவே புகுகின்றான். நடு அடைபட்டால் ஓரத்தைச் சுற்றி ஓடுகின்றான். சில வேளைகளில் பந்தை வாங்கியவன்போல் நடித்து எதிரிகளைத் தன் பின்னே இழுத்துச் செல்ல, பந்து வேறு திசையில் எறியப்படுகின்றது. சில வேளைகளில் ஓடாமலே நின்று, பந்தை எறிகின்ற தலைவனுக்குக் காவலாகின்றான். முன்னணியிலுள்ள அணி, ஆட்டத்தின் இறுதியில் அவனையே திரும்பத் திரும்ப ஓடவிடுகின்றது. எறிந்த பந்து பிடிபடாது வீழ்ந்தால் கடிகாரம் நின்றுவிடும். ஓடுபவன் களத்திற்குள்ளேயே வீழ்த்தப்பட்டால் அது ஓடிக்கொண்டேயிருக்கும். காலத்தைச் செலவிடுவதும் அங்கே ஒரு போர்த்தந்திரம்.

கிளீவ்லாந்து அணியின் ஜிம் பிரவுன், 1957 முதல் 1965 வரை ஒன்பது பருவங்களில் 12,312 கெஜ தூரம் பந்தைச் சுமந்தோடினார். அந்த எண் ஏடுகளில் உள்ளது. ஆனால் அவர் புகுந்து சென்ற இடைவெளிகளைத் தம் தோள்களால் திறந்தவர்களுக்கு அத்தகைய எண் எதுவும் இல்லை. ஓடுபவனுடைய பேறும் முழுமையானதன்று. ஒவ்வொரு ஓட்டமும் ஒரு வீழ்ச்சியில் முடிகின்றது, முழங்கால் தேய்கின்றது. ஆதலால் இக்காலத்து அணிகள் பல, ஒருவன் மீதே சுமையை ஏற்றாமல் இருவர் மூவருக்குப் பகிர்ந்தளிக்கின்றன. பகிர்ந்தளிக்காத அணி, தன் சிறந்த வீரனைச் சில ஆண்டுகளில் கரும்பைப்போல் பிழிந்து சக்கையாக்கிவிடுகின்றது.

நம் ஊரில் ஒரு வழக்குண்டு: ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும். தேரின்மேல் இருப்பதை எல்லோரும் காண்கின்றனர். வடம் பிடிப்போரையும் ஓரளவு காண்கின்றனர். ஆனால் சக்கரத்தடியிலே குனிந்து, முட்டுக்கட்டை இட்டுத் திருப்பத்தைக் காப்பவனை யார் காண்கின்றார்? அவன் கை பிசகினால் தேர் தெருவிலே நிலைகொள்ளாது.

இனி ஊவாவுக்குத் திரும்புவோம். 1879இல் கொழும்பில் முதல் றக்பி கழகம் தோன்றிற்று. 1908இல் இலங்கை றக்பி சங்கம் அமைந்தது. தோட்டத் துரைமார்கள் டிம்புள்ளையிலும் டிக்கோயாவிலும் ஊவாவிலும் தத்தம் கழகங்களை நடத்தினர். ஊவா ஜிம்கானா கழகம் அவற்றுள் ஒன்று. தென்மேற்குப் பருவமழை டிம்புள்ளையையும் டிக்கோயாவையும் நனைக்கும் மாதங்களிலே, ஊவாவிலே வறண்ட காற்று வீசும். அந்தக் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருகின்றது. ஆடுகளத்திற்கும் அதனால் ஒரு குணம் வாய்க்கின்றது: சேற்றுத் தரை தள்ளுகின்ற முன்வரிசைக்குச் சாதகம், காய்ந்த தரை ஓடுகின்ற பின்வரிசைக்குச் சாதகம்.

அக்களத்திலே தோட்டத் தொழிலாளிக்கு இடம் இருந்ததா? இல்லை. கழகங்கள் வெள்ளைத் துரைமார்க்கே உரியனவாயிருந்தன. பெரட்டிலே நின்று பெயர் கொடுத்து, மலையேறிக் கொழுந்தெடுத்து, கூடையைச் சுமந்து இறங்கியவர்களுக்கு அக்கழகங்களின் கதவு திறக்கவில்லை. ஆயினும் ஊவாவின் செல்வமெல்லாம் அவர்கள் திறந்த வழியிலேதான் ஓடிற்று. அவர்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து மலைநாட்டை அடைந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். அவர்கள் காடழித்துக் கோப்பி நட்டனர். 1869இல் தொடங்கிய இலைநோயினால் கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டனர். 1924இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியபோது, அவர்கள் கைபட்ட தேயிலை அதன் வழியே துறைமுகத்தை நோக்கி விரைந்தது.

ஆட்டத்திலே வழி திறந்தவனுக்குக் கணக்கேட்டில் எண் இல்லை என்றேன். இவர்களுக்கோ, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் நாட்டின் ஏட்டிலேயே பெயர் இல்லாது போயிற்று. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் இரு அரசுகளின் பிரதமர்களும் அவர்களைத் தொகையாக எண்ணிப் பங்கிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்று. எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று.

ஓர் அணி தன் ஓட்டக்காரனை எவ்வாறு பயன்படுத்துகின்றது என்னும் கேள்வி, ஓர் அணி தன் மனிதர் அனைவரையும் எவ்வாறு மதிக்கின்றது என்னும் கேள்வியாகவே முடிகின்றது. வழியை முதலில் திறக்க வேண்டும்; சுமையைப் பகிர வேண்டும்; வெற்றிக்குப்பின் வழி திறந்தவனின் பெயரையும் சொல்ல வேண்டும். நேயர்களே, அடுத்த முறை மைதானத்தில் ஒருவன் பந்தோடு பாய்வதைக் காணும்போது, உங்கள் கண்களை ஒரு கணம் அவனை விட்டு எடுத்து, அவனுக்குப் பின்னே மண்ணிலிருந்து எழுந்து வருகின்றவர்களையும் பாருங்கள். ஆட்டம் அங்கேதான் தொடங்கியிருக்கும்.