ஜான்சன் முறைத் தலையீடு

மது, போதைப்பொருளுக்கு அடிமையானவரைக் குடும்பத்தார் ஒன்றுகூடிச் சந்தித்து, சிகிச்சைக்கு இணங்கவைக்கும் முறை. குடிநோயிலிருந்து மீண்ட அமெரிக்க எபிஸ்கோபல் பாதிரியார் வெர்னான் ஜான்சன் 1960களில் மினசோட்டாவில் இதை வகுத்தார். உறவினர்கள் ஆலோசகர் துணையுடன் ஒத்திகை பார்ப்பர். குடியால் நேர்ந்தவற்றை நாள், இடம் குறித்து எழுதிவைத்து, வசைபாடாமல் வாசிப்பர். சிகிச்சைக்கான இடத்தை முன்பே ஏற்பாடு செய்திருப்பர். மறுத்தால் விளைவு என்ன என்பதையும் தெரிவிப்பர்.

அமெரிக்க முன்னாள் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு, 1978இல் குடும்பத்தாரின் இத்தகைய தலையீட்டால் லாங் பீச் கடற்படை மருத்துவமனையில் சேர்ந்து மீண்டார். அவர் இணைந்து நிறுவிய பெட்டி ஃபோர்டு மையம் 1982இல் திறக்கப்பட்டது.

1999இல் வெளியான ஒப்பாய்வில், ஜான்சன் முறையில் 30 விழுக்காட்டினரே சிகிச்சைக்கு வந்தனர். மோதலைத் தவிர்த்துக் குடும்பத்தாரைப் பயிற்றுவிக்கும் ‘கிராஃப்ட்’ முறையில் 64 விழுக்காட்டினர் வந்தனர். ஜான்சன் முறைப் பயிற்சி பெற்ற பெரும்பாலான குடும்பங்கள் சந்திப்பை நடத்தவே இல்லை.