கூகையும் நிழற்படமும்

திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் திருமங்கையாழ்வாரின் பாடல் பெற்ற பதி என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். பதிப்பெயராய்வு கருதி மாணவர் சிலரோடு யாம் அங்குச் சென்ற ஒரு மாலைப்பொழுதில், பழைய கட்டடம் ஒன்றின் மாடத்தினின்று வெண்ணிறப் பறவையொன்று ஓசை சிறிதுமின்றி வெளிப்பட்டுச் சவுக்குத் தோப்பை நோக்கிப் பறந்தது. மாணவர் ஒருவர் டெலிபோட்டோ வில்லை பூட்டிய காமிராவால் அதனைப் படம் பிடித்தார். படத்தில் வெண்புகை போன்றதொரு கோடே கிட்டியது. 'இதுதான் சங்கப் புலவர் பாடிய கூகையோ?' என்று அவர் வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

இக்காலப் பறவை நூல்கள் கூகை என்னும் பெயரை வெண்முகமுடைய அப்பறவைக்கே உரியதாக்கி வழங்குகின்றன. பழைய வழக்கும் அதுவோ என்பது ஆராய்தற்குரியது. தொல்காப்பிய மரபியல், கூகையின் பெண்ணைக் கோழியின் பெண்ணோடு சேர்த்து அளகு என்னும் பெயர்க்கு உரிமையாக்கும். ஆயினும் அவ்விதி பறவையின் உருவத்தை விளக்குவதன்று. உருவம் அறிய நற்றிணை 83ஆம் பாட்டையே நாட வேண்டும். ஊர் முகப்பில் உள்ள நீர்த்துறையை அடுத்து, தெய்வம் உறையும் முதுமரத்தில் வாழும் கூகையைத் தோழி விளித்து, இரவில் தலைவனை எதிர்நோக்கி உறங்காதிருக்கும்பொழுது அஞ்சுமாறு குரல் எழுப்பற்க என வேண்டுகின்றாள். அதற்குக் கைம்மாறாக நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருவதாகக் கூறுகின்றாள். வளைந்த வாய், தெளிந்த கண், கூரிய உகிர், பறை போன்ற குரல் என்பன அப்பாட்டில் வரும் அடையாளங்கள்.

இவற்றுள் குரலே எமக்குத் தலையாய சான்றாகத் தோன்றுகின்றது. மாடங்களில் வாழும் வெண்கூகை கீச்சிடும், சீறும், பறையென முழங்குவதில்லை. அதன் கண்ணும் கருநிறத்தது. பறை போல முழங்குவன பெரிய ஆந்தைகள் இரண்டு. கொம்பன் ஆந்தை என்பது ஒன்று. செங்கற்பட்டுப் பகுதியின் பாறைக் குன்றுகளிலும், சென்னையை அடுத்த நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்லெடுப்புக் குழிகளிலும் வாழ்வது. மற்றொன்று பூமன் ஆந்தை. நீர்நிலைகளை அடுத்த முதுமரங்களில் தங்கி மீனும் நண்டும் உண்பது. நீர்த்துறை மரம் என்னும் குறிப்பு பூமனுக்கே பொருந்தும். சுட்ட எலி இதற்குத் தடையாகாதோ எனின், ஆகாது. நெய்ச்சோற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் அவ்வுணவு மனிதர் விருந்தின் சாயலில் தோழி படைத்துக் கூறுவது. அதனைக் கொண்டு பறவையின் உண்மை இரையை உறுதி செய்தல் கூடாது.

எனினும் குறுந்தொகை 153இல் கபிலர் குன்றத்துக் கூகையைப் பாடுகின்றார். அது கொம்பன் ஆதல் வேண்டும். புறநானூறு 364இல் முதுமரப் பொந்தில் இருந்து சுடுகாட்டில் ஒலிக்கும் கூகைக்கோழி வருகின்றது. பாடிய புலவர் பெயரே கூகைக்கோழியார் என்றாயிற்று. ஆகவே கூகை என்பது ஓரினத்தின் பெயரன்று, முழங்கு குரலுடைய பேராந்தைகளின் பொதுப்பெயர் என்பது எம் கருத்து. குடிஞையின் குரலைப் பொற்கொல்லன் பணியொலியோடு நற்றிணை ஒப்பிடுவதும், ஒலியைக் கொண்டே பெயர் வகுக்கும் வழக்கு அக்காலத்தில் இருந்தமையைக் காட்டும்.

யாம் பார்த்த பாடல்களில் ஆந்தையின் குரலும் இருப்பும் பேசப்படுகின்றன, பறத்தல் பேசப்படவில்லை. காரணம் எளிது. பெரும்பாலான ஆந்தைகளின் முன்சிறகு விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பும், பின்விளிம்பில் மென்மையான இழைகளும் உள்ளன. காற்று கலங்காது பிரிந்து செல்வதால் ஓசை எழுவதில்லை. இருளில், ஓசையுமின்றிப் பறப்பதைப் புலவர் எங்ஙனம் பாடுவர்? மீன் பிடிக்கும் ஆந்தைகளிடம் இவ்வமைப்பு குன்றியிருத்தலின் அவற்றின் சிறகோசை கேட்கும். இரைக்கு மறைவது நீருக்குள் இருக்கும் மீனாதலின், மௌனம் அவற்றுக்கு இன்றியமையாததன்று.

இவ்விடத்தேதான் நிழற்படம் துணை செய்கின்றது. கொம்பனும் பூமனும் மரத்தில் அமர்ந்திருக்கும்பொழுது வயிற்றிறகு காலை மறைத்துவிடும். பறந்து இரை மேற் பாயும்பொழுதோ கால்கள் முன்னே நீள்கின்றன. அப்பொழுது கொம்பனின் கால் விரல் வரை இறகு மூடியிருப்பதும், பூமனின் கணைக்கால் இறகின்றி வெறுமையாய் இருப்பதும் தெளிவாகும்.

ஆனால் இத்தகைய படம் எளிதிற் கிட்டியதன்று. இங்கிலாந்தில் எரிக் ஹோஸ்கிங் என்பார் 1937ஆம் ஆண்டு கூட்டருகே மறைவிடம் அமைத்து ஆந்தையைப் படம்பிடிக்கச் சென்று, அதன் உகிர் பாய்ந்து இடக்கண்ணை இழந்தார். பின்னும் அவர் தொழிலை விடவில்லை. அதிவிரைவு மின்னொளி விளக்கின் துணையால் 1948இல் அவர் எடுத்த, அலகில் இரை கவ்விச் சிறகு விரித்த வெண்கூகைப் படம் உலகப் புகழ் பெற்றது. கூட்டை நெருங்குதலும் ஒளி பாய்ச்சுதலும் அம்முறையின் இரு கூறுகள்.

அதற்கு மாறானது தொலைவில் நின்று நீண்ட வில்லையால் எடுக்கும் முறை. தமிழகத்தில் இதற்கு முன்னோடியாக நாம் நினைவுகூர வேண்டியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஆக்கிய பளுவான காமிராவுக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என நகைச்சுவையாகப் பெயரிட்டு, கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். யானை முதலிய பெருவிலங்குகளின் படங்களுக்கே அவர் பெரிதும் அறியப்பட்டவர். 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் இறக்கும்வரை எழுதினார், தமிழிலும் எழுதினார். அத்தமிழ்க் கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரனால் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் தொகுப்பாக வெளிவந்தன. தந்தையை நாவல் வரலாற்றில் தவறாது கற்பிக்கும் நாம், மகனின் உரைநடைக்கு ஒரு வகுப்பேனும் ஒதுக்கியதுண்டோ? பறவையின் பெயரும் இயல்பும் அறிந்து தமிழ் எழுதியவர் நம்மிடையே மிகச் சிலரே.

அக்காலக் காமிராவின் எல்லையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கதிர் மறைந்து சிறிது நேரங் கழிந்த ஒளியில், 400 வேகமுடைய பிலிமும் 5.6 துளையும் கொண்டால் ஏறக்குறைய 1/16 நொடி திறந்து வைத்தல் வேண்டும். சிறகு அசைவை நிறுத்த 1/500 நொடியேனும் வேண்டும். இன்றைய மின்னணுக் காமிராக்கள் 12,800 என்னும் வேகத்திலும் பயன்படத்தக்க படம் தருகின்றன. அஃது 32 மடங்கு. ஆகவே அதே ஒளியில் 1/500 நொடி இயல்வதாயிற்று. எம் மாணவரின் கோடு, கருவியின் குறையன்று. வேகத்தைத் தாழ வைத்த பிழையே.

கருவி எளிதானமையால் ஒரு கேடும் விளைந்துள்ளது. கூடு இருக்கும் இடம் வெளிப்பட்டவுடன் பலர் திரள்கின்றனர். சிலர் ஒலிப்பதிவுக் குரலை ஒலித்துப் பறவையை ஈர்க்கின்றனர். மூடநம்பிக்கையால் ஆந்தைகளைப் பிடித்து விற்போர்க்கும் அத்தகவல் பயன்படும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளை வேட்டையாடுதலையும் விற்றலையும் தடுக்கின்றது. எனினும் இடத்தை மறைத்தல் படமெடுப்போர் கையிலேயே உள்ளது. இக்காரணத்தாலேயே திருவிடந்தையில் யாம் கண்ட மாடம் எதுவென்பதை இங்கு எழுதவில்லை. அம்மாணவர் இப்பொழுது ஏரிக்கரை முதுமரங்களைத் தேடிச் செல்கின்றார். பூமனின் கால் தெரியும் படம் ஒன்று கிட்டுமாயின், நற்றிணை 83க்கு எழுதும் குறிப்புரையில் அதனைச் சேர்ப்போம்.