ரோமச் சேனையில் அந்நிய வீரர்

மேற்கு ரோமப் பேரரசின் வீழ்ச்சிக்கு அதன் சேனையில் புகுந்த அந்நியரே காரணர் என்னும் கருத்து நெடுநாளாக வழங்கிவருகிறது. சரித்திரச் சான்றுகளை உற்று நோக்குவோமாயின் இக்கருத்து நிலைபெறுவது அரிது.

ஆதியில் ரோமக் குடிகள் லேகியோன்களிலும், குடியுரிமையற்றோர் துணைப்படைகளிலும் ஊழியம் செய்தனர். அப்போஸ்தலர் நடபடிகளில் நாம் காணும் சேனாபதி மிகுந்த பணம் கொடுத்துப் பெற்ற குடியுரிமையைத் துணைப்படை வீரன் 25 ஆண்டு ஊழியத்தினால் பெற்றான். கி.பி. 212-இல் பேரரசன் கரகல்லா அடிமைகளல்லாதார் ஏறக்குறைய அனைவருக்கும் குடியுரிமை வழங்கவே, இவ்வேறுபாடு மறைந்தது. நான்காம் நூற்றாண்டிலோ, காலியா நாட்டினரும் ரைன் நதிக்கரை ஜெர்மானியரும் பெருவாரியாகச் சேர்ந்த புதிய துணைக் காலாட்படைகளைக் காண்கிறோம். கொர்னூத்தி, பிராக்கியாத்தி, பதாவி, பெத்துலாந்தேஸ், கெல்தே என்பன அவற்றுட் சில. பெயரளவில் துணைப்படைகளாயினும், களத்தில் இவையே முன்னணியில் நின்றன.

357-இல் ஸ்திராஸ்பூர்க் அருகே, யூலியன் தலைமையில் நின்ற ரோமக் குதிரைப்படையை அலெமன்னியர் நிலைகுலையச் செய்தனர். அவ்வேளை கொர்னூத்தியரும் பிராக்கியாத்தியரும் 'பர்ரித்துஸ்' என்னும் ஜெர்மானியப் போர்முழக்கத்தை எழுப்பி உறுதியாய் நின்றனர். பதாவியர் உதவிக்கு விரைந்தனர். மெல்லிய முணுமுணுப்பாய்த் தொடங்கி அலையோசைபோல் உயர்வது அம்முழக்கம். ரோமர் பக்கம் மாண்ட வீரர் 243 பேரே என அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் குறிக்கிறார். ஜெர்மானியரை எதிர்த்து ரோமுக்கு வெற்றி தேடித் தந்தவருள் ஜெர்மானியரும் இருந்தனர் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

360-இல் பேரரசன் கான்ஸ்தாந்தியுஸ் இப்படைகளுட் பலவற்றைப் பாரசீகப் போருக்கு அனுப்பும்படி கட்டளையிட்டான். ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் கொண்டுபோகப்படுவதில்லை என்ற வாக்கை நம்பியே ரைன் நதியைக் கடந்து சேனையில் சேர்ந்தவர்கள் அவர்களில் இருந்தனர். வாக்கு மீறப்பட்டதைக் கண்ட வீரர்கள் பாரிசில் யூலியனைக் கேடயத்தின்மேல் உயர்த்திப் பேரரசனாக அறிவித்தனர்.

இதனினும் கொடியது 408-இல் நேர்ந்தது. வண்டல் இனத்துத் தந்தைக்குப் பிறந்து மேற்கு ரோமச் சேனையை நடத்திய ஸ்திலிக்கோ ராவென்னாவில் கொல்லப்பட்டான். உடனே ரோம வீரர்கள், இத்தாலியாவில் ஊழியம் செய்த அந்நிய வீரரின் மனைவி மக்களை நகரந்தோறும் வெட்டிக் கொன்றனர். குடும்பத்தை இழந்தோர் 30,000-க்கு மேற்பட்டவர் கோத்தியத் தலைவன் அலாரிக்குடன் சேர்ந்தனர் என்று சோசிமுஸ் எழுதுகிறார். 410-இல் அலாரிக் ரோம் நகரைக் கொள்ளையிட்டான்.

அந்நியரைச் சேர்த்துக்கொண்டதால் ரோமச் சேனை வலிமை பெற்றது. அவர்களுக்களித்த வாக்கையும், அவர்தம் பிள்ளைகளின் உயிரையும் அற்பமாய் எண்ணியபோதே அவ்வலிமை அதற்கு எதிராகத் திரும்பிற்று.