கரித்தூளும் சில சொட்டு அமிலமும் – நீர் சுத்திகரிப்பின் ஒரு பழைய கதை

1785-ம் ஆண்டு. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரத்து அரண்மனை மருந்துச் சாலையில் டோபியாஸ் லோவிட்ஸ் என்பவர் டார்டாரிக் அமிலக் கரைசலைக் காய்ச்சிப் படிகம் எடுத்துக் கொண்டிருந்தார். சூடு கொஞ்சம் கூடினாலும் கரைசல் பழுப்பாகிப் படிகம் அழுக்காக வந்தது. அதில் கரித்தூள் பட்டதும் நிறம் காணாமல் போனது. வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். லோவிட்ஸ் கண்ணில் பட்டதையெல்லாம் கரியில் போட்டுப் பார்த்தார். சாராயம், தேன், கடைசியில் கப்பல் பீப்பாய்களில் மாதக்கணக்கில் கிடந்து நாறிப்போன குடிதண்ணீர். தண்ணீரில் நாற்றம் போயிற்று. ஆனால் கரி நிறையத் தேவைப்பட்டது. சில சொட்டு கந்தக அமிலத்தையும் சேர்த்தால் மிகக் குறைந்த கரியே போதும் என்று அவர் எழுதி வைத்தார்.

இந்தச் சில சொட்டு அமிலம்தான் முக்கியம். கரி சுத்தம் செய்யும் என்பது ஒரு கண்டுபிடிப்பு. எந்த நிலைமையில் நன்றாகச் செய்யும் என்பது இன்னொரு கண்டுபிடிப்பு. இரண்டாவதைப் புரிந்துகொள்ள உலகத்துக்கு இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

கரி என்னதான் செய்கிறது? பஞ்சு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். இது அப்படியில்லை. அழுக்கின் மூலக்கூறுகள் கரியின் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. இதற்கு அட்சார்ப்ஷன் என்று 1881-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிஷ் கைசர் பெயர் வைத்தார். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் பரப்புக் கவர்தல். கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் சுவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், நன்கு தயாரித்த ஒரு கிராம் கரிக்குச் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு, அதாவது ஏறக்குறைய கால் ஏக்கர்!

லோவிட்ஸுக்குப் பிறகு சர்க்கரை ஆலைகள் எலும்புக் கரியைப் பிடித்துக்கொண்டன. முதல் உலகப் போரில் விஷவாயு வந்ததும் கரி முகமூடிக்குள் புகுந்தது. போர் முடிந்த பின் 1930 வாக்கில் அமெரிக்க நகரங்கள் குடிநீரின் கெட்ட வாடையைப் போக்க அதைப் பயன்படுத்தத் தொடங்கின. இடையில் இர்விங் லாங்முயர் 1916 முதல் 1918 வரை எழுதிய கட்டுரைகளில் கணக்கு ஒன்றைக் கொடுத்தார். ஒரு பரப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இடங்கள் உண்டு, ஓர் இடத்தில் ஒரு மூலக்கூறுதான் உட்கார முடியும், எல்லாம் நிரம்பிவிட்டால் அவ்வளவுதான். நம்ம ஊர் பஸ் மாதிரி ஏறிக்கொண்டே இருக்க முடியாது. அவருக்கு 1932-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, மிகச் சிறந்த நிலைமையை எப்படிக் கண்டுபிடிப்பது? அமிலத்தன்மை, கரியின் அளவு, நேரம், வெப்பநிலை என்று பல காரணிகள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துச் சோதிப்பதுதான் பழைய வழக்கம். ஆனால் அமிலத்தன்மை மாறினால் தேவைப்படும் கரியின் அளவும் மாறுமே! லோவிட்ஸ் பார்த்ததும் அதைத்தானே. காரணிகள் ஒன்றையொன்று பாதிக்கும்போது பழைய வழக்கம் தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். 1951-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ரசாயன நிறுவனத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் பாக்ஸும் கே.பி. வில்சனும் எல்லாக் காரணிகளையும் திட்டமிட்டு ஒன்றாக மாற்றி, உச்சியை நோக்கி நடக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். 1960-ல் பாக்ஸும் பென்கெனும் அதைச் சுருக்கினார்கள். மூன்று காரணிகளை மூன்று அளவுகளில் எல்லா வகையிலும் சோதித்தால் 27 சோதனைகள் வேண்டும். இவர்கள் முறையில் 15 போதும். இன்று நீர் சுத்திகரிப்பு பற்றி வரும் ஆய்வுக் கட்டுரைகளில் இந்தப் பெயர்கள் அடிக்கடி தட்டுப்படும்.

ஆய்வகத்தில் கிடைத்த உச்சி ஊர்க் கிணற்றிலும் உச்சியாக இருக்குமா? இதற்கு விடை வங்காளத்தில் கிடைத்தது.

குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்ததால் 1970-களில் வங்கதேசத்தில் அரசும் யுனிசெஃபும் குழாய்க் கிணறுகளை ஊக்குவித்தன. தண்ணீர் தெளிவாக இருந்தது, கிருமி இல்லை. 1983-ல் கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, மேற்கு வங்க கிராமத்து நோயாளிகளின் உடலில் இருந்த கரும்புள்ளிகளுக்குக் காரணம் ஆர்சனிக் என்று அடையாளம் கண்டார். வங்கதேசத்தில் 1993-ல் உறுதியானது. பின்னர் நடந்த தேசிய ஆய்வில், ஆழம் குறைந்த கிணறுகளில் 27 சதவீதம், லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு வெறும் 10.

இந்த விஷம் தண்ணீருக்குள் வந்ததே பரப்புக் கவர்தலின் தலைகீழ் வேலை! இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில், இரும்புத் துருவின் மேல் ஆர்சனிக் காலங்காலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணுக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிரிகள் அந்தத் துருவைக் கரைத்தன. ஒட்டியிருந்தது தண்ணீரில் விடுபட்டது. நிலைமை மாறினால் பிடித்ததை விட்டுவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எந்த ஆய்வகத்திலும் இல்லை.

அதே இரும்புத் துருவையும் அலுமினாவையும் கொண்டுதான் ஆர்சனிக்கைத் திரும்பப் பிடிக்க முயன்றார்கள். வடிநீரில் ஆர்சனிக்கை மட்டும் கலந்து சோதித்தால் அருமையான முடிவு வரும். ஊர்க் கிணற்றில் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் சேர்ந்தே இருக்கின்றன. பாஸ்பேட் உருவத்தில் ஆர்சனேட்டைப் போலவே இருப்பதால், லாங்முயர் சொன்ன இடங்களில் அது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். போதாததற்கு நிலத்தடியில் ஆர்சனிக்கின் பெரும்பகுதி மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்கிறது. அலுமினா அதை எளிதில் பிடிக்காது. முதலில் ஆக்சிஜனேற்றம் செய்தாக வேண்டும். அலுமினா நன்றாக வேலை செய்வது பிஎச் 5.5-லிருந்து 6 வரை. கிணற்றுத் தண்ணீரோ 7-க்குப் பக்கம். கிராமத்துப் பெண் ஒவ்வொரு குடத்துக்கும் அமிலம் ஊற்றிக்கொண்டா இருப்பார்? மேற்கு வங்கத்தின் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தில் பல நிறுவனங்களின் சுத்திகரிப்புக் கருவிகளை இரண்டு ஆண்டு கண்காணித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுகூட 10 மைக்ரோகிராமுக்குக் கீழே தொடர்ந்து நிலைக்கவில்லை. வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தவர்களுக்கு அது நல்ல அடி.

தண்ணீரை மாற்றாமல் அதற்கேற்பக் கருவியை மாற்றியவர்கள்தான் ஓரளவு ஜெயித்தார்கள். வங்கதேசத்தின் குஷ்டியாவைச் சேர்ந்த அபுல் ஹுசாம் வார்ப்பிரும்புத் துருவல், மணல், மரக்கரி, செங்கல் சில்லு ஆகியவற்றை வாளிகளில் அடுக்கி 'சோனோ' வடிகட்டியைச் செய்தார். எந்த ரசாயனமும் ஊற்ற வேண்டாம். அதற்கு 2007-ல் அமெரிக்கப் பொறியியல் அகாடமியின் கிரெய்ஞ்சர் பரிசு, பத்து லட்சம் டாலர், கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழுவும் இரும்பு சார்ந்த நுண்பொருளைக் கொண்டு ஆர்சனிக் வடிகட்டி உருவாக்கியது.

அதே பரிசில் இரண்டாம் இடம் பெற்ற அரூப் சென்குப்தாவின் கருவிகள் மேற்கு வங்க கிராமங்களில் கைப்பம்புகளோடு இணைக்கப்பட்டன. அலுமினா நிரம்பியதும் அதைத் தூக்கி எறிவதில்லை. எரிசோடாக் கரைசலில் கழுவினால் ஆர்சனிக் கழன்று வந்துவிடும். பிறகு நீர்த்த அமிலம் விட்டால் அலுமினா மறுபடி வேலைக்குத் தயார். கழன்ற ஆர்சனிக்கை இரும்போடு சேர்த்துச் சேறாக்கி, காற்றுப் படும் மணல் படுகையில் வைக்கிறார்கள். காற்றில்லாத குப்பைமேட்டில் புதைத்தால் அந்தத் துருவும் கரைந்து, விஷம் திரும்பவும் தண்ணீருக்கே போய்விடும்.